அரிசிச் செறிவூட்டல்

அரிசிச் செறிவூட்டல் என்பது உயிர்ச்சத்துக்களையும் கனிமங்களையும் அரிசியில் சேர்த்து, அதை அன்றாடம் உண்ணும் மக்களிடையே காணப்படும் நுண்ணூட்டக் குறைபாடுகளைக் குறைக்க முயலும் பொதுநல நடவடிக்கை ஆகும். உப்பில் அயோடின் சேர்ப்பது, கோதுமை மாவில் இரும்புச்சத்து சேர்ப்பது, தாவர நெய்யில் உயிர்ச்சத்து ஏ சேர்ப்பது ஆகியனவும் இதே வகையைச் சார்ந்தவை. ஆனால் உப்பு, மாவு, எண்ணெய் போன்றவற்றில் ஒரு பொருளைக் கலப்பது எளிது. அரிசியோ முழு மணியாகவே சமைக்கப்படுகிறது. அதுவும் கழுவி, களைந்து, பல வீடுகளில் கஞ்சி வடித்த பிறகே உண்ணப்படுகிறது. எனவே சேர்த்த சத்தை மணியோடு ஒட்டி நிற்கச் செய்வதே இத்துறையின் முதன்மையான தொழில்நுட்பச் சிக்கலாக இருந்து வருகிறது.

உயிர்ச்சத்து என்னும் கருத்தே பெருமளவில் அரிசியைப் பற்றிய ஆய்விலிருந்து பிறந்தது. ஆகவே அரிசிச் செறிவூட்டலின் வரலாற்றைப் பெரிபெரி நோயின் வரலாற்றிலிருந்து பிரித்துக் கூற இயலாது.

தீட்டுவதால் நேரும் இழப்பு

நெல்லின் வெளிப்புறத்தில் உமியும், அதற்கு அடியில் தவிட்டுப் படலமும், உள்ளே மாவுச்சத்து நிறைந்த வெண்ணிறப் பகுதியும், ஒரு முனையில் முளையும் உள்ளன. உயிர்ச்சத்து பி வகைகளும் கனிமங்களும் கொழுப்பும் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலுமே அடங்கியுள்ளன. தவிடு நீக்காத அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் தயமின் (உயிர்ச்சத்து பி1) உண்டு. நன்கு தீட்டிய பச்சரிசியில் இது ஐந்தில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கிவிடுகிறது. கழுவும்போதும் கஞ்சி வடிக்கும்போதும் எஞ்சியதிலும் ஒரு பகுதி நீரோடு போய்விடுகிறது.

தவிட்டோடு உண்ணலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. தவிட்டில் உள்ள கொழுப்பு விரைவில் சிக்கேறுவதால் தவிடு நீக்காத அரிசியை நெடுநாள் சேமிக்க இயலாது. வேகக் கூடுதல் நேரமும் விறகும் தேவை. வெண்மையான அரிசியை உயர்வாகக் கருதும் மனப்பான்மையும் ஆசியா முழுவதும் பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் பரவியபோது, அதுவரை உலக்கையால் குத்தி உண்ட எளிய மக்களுக்கும் வெள்ளை அரிசி கிடைக்கலாயிற்று. அதனோடு பெரிபெரியும் பரவியது.

பெரிபெரியும் அரிசியும்

பெரிபெரி கால் மரத்துப்போதல், வீக்கம், நடக்க இயலாமை, இறுதியில் இதயச் செயலிழப்பு ஆகியவற்றை உண்டாக்கும் நோய். இப்பெயர் சிங்கள மொழியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. சப்பானியக் கடற்படையில் இந்நோய் கடுமையாக இருந்தது. 1882-83 ஆம் ஆண்டுகளில் நெடும்பயணம் சென்ற ரியூஜோ என்ற கப்பலில் இருந்த 376 பேரில் 169 பேர் நோயுற்றனர். 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவரான தகாகி கனேகிரோ, 1884 இல் அதே வழியில் சென்ற வேறொரு கப்பலில் இறைச்சி, பார்லி முதலியவற்றைச் சேர்த்து உணவை மாற்றியமைத்தார். அக்கப்பலில் பெரிபெரியால் எவரும் இறக்கவில்லை. புரதக் குறைவே காரணம் என்று தகாகி எண்ணியது தவறு. ஆயினும் அவர் கண்ட தீர்வு சரியாக அமைந்தது. தரைப்படையின் மருத்துவ அதிகாரிகள் இதை ஏற்க மறுத்து வெள்ளை அரிசியையே தொடர்ந்தனர். 1904-05 ஆம் ஆண்டுகளில் நடந்த உருசிய-சப்பானியப் போரில் பல்லாயிரம் படைவீரர்கள் பெரிபெரியால் மாண்டனர்.

சாவகத் தீவின் பத்தாவியாவில் (இன்றைய சகார்த்தா) பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறித்தியான் எய்க்மான், தம் ஆய்வுக் கோழிகளுக்குக் கால் தளர்ந்து போவதைக் கவனித்தார். அவற்றுக்குப் படைத்துறை மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர் படையினரின் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். தவிடு நீக்காத மலிந்த அரிசியை உண்ணத் தொடங்கிய கோழிகள் தேறின. பின்னர் அடோல்ப் வோர்டர்மன் சாவகத்தின் 101 சிறைகளில் தகவல் திரட்டி, தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளிலேயே பெரிபெரி மிகுதியாக இருப்பதைக் காட்டினார். வெள்ளை அரிசியில் ஏதோ நச்சு இருப்பதாக எய்க்மான் கருத, அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்சு 1901 இல் தவிட்டில் உள்ள ஏதோ ஒன்று இல்லாமையே நோய்க்குக் காரணம் என்று விளக்கினார். தவிட்டிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுக்க முயன்ற கசிமிர் பங்க் 1912 இல் அதற்கு 'வைட்டமின்' என்று பெயரிட்டார். எய்க்மானுக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது.

புழுங்கல் அரிசியும் மலாயாத் தமிழரும்

மலாயாவில் கிடைத்த சான்று தமிழ் வாசகர்களுக்குத் தனி ஆர்வம் தரக்கூடியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் பெருமளவில் மடிந்தனர். அதே நாட்டில், அவர்களைவிட எவ்வகையிலும் செழிப்பாக வாழாத தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே அந்நோய் அரிதாகவே இருந்தது. சீனர்கள் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியையும், தமிழர்கள் புழுங்கல் அரிசியையும், சிற்றூர் மலாய் மக்கள் அவ்வப்போது குத்திய அரிசியையும் உண்டனர் என்ற வேறுபாட்டை லெனார்டு பிராடன் என்ற மருத்துவர் 1907 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். அதற்கு முன்பே, 1905 இல், வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மற்றப் பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்திருந்தார். பச்சரிசி உண்டவர்களுள் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்கள் தப்பினர். தம் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாத நோயாளிகள் மீது நடத்தப்பட்ட இத்தகைய ஆய்வு இன்றைய அறநெறிகளின்படி ஏற்கத்தக்கதன்று.

நெல்லை ஊறவைத்து, உமியோடு ஆவியில் வேகவைத்து, உலர்த்திய பின் தீட்டுவதே புழுங்கல் அரிசி செய்யும் முறை. வேகும்போது தவிட்டில் உள்ள நீரில் கரையும் உயிர்ச்சத்துக்கள் மணியின் உட்பகுதிக்கு நகர்ந்துவிடுகின்றன. ஆகவே பின்னர் தவிட்டை நீக்கினாலும் தயமினின் ஒரு பகுதி தங்குகிறது. ஆய்வகம் எதுவும் இல்லாத காலத்திலேயே தென்னிந்தியாவிலும் வங்காளத்திலும் வழங்கிவந்த இம்முறையை, வெளியிலிருந்து எதையும் சேர்க்காத ஒரு வகைச் செறிவூட்டல் என்றே கொள்ளலாம்.

இவ்வேறுபாடு சென்னை மாகாணத்துக்குள்ளேயும் காணப்பட்டது. தெற்கே புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் பெரிபெரி அரிதாக இருக்க, ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் அது நிலைகொண்டிருந்தது. இதை ஆராய 1918 இல் இராபர்ட் மக்கரிசன் தலைமையில் குன்னூரில் பெரிபெரி ஆய்வுப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. குன்னூர்க் கூடத்தின் இயக்குநராக 1935 முதல் 1945 வரை இருந்த வாலசு அய்க்கிராய்டு, புழுங்கல் அரிசியில் தயமின் தங்குவதை அளந்து உறுதிப்படுத்தினார்.

பத்தான் சோதனை

அரிசியில் வெளியிலிருந்து உயிர்ச்சத்தைச் சேர்க்கும் பணி இராபர்ட் இரன்னல்சு வில்லியம்சு என்ற அமெரிக்க வேதியியலாளரோடு தொடர்புடையது. இவர் கிறித்தவ ஊழியப் பெற்றோருக்கு மகனாக 1886 இல் நெல்லூரில் பிறந்தவர். 1910 அளவில் மணிலாவில் பணியாற்றியபோது, பெரிபெரியால் இறக்கும் நிலையில் இருந்த கைக்குழந்தை தவிட்டுச் சாற்றால் சில மணி நேரத்தில் தேறியதைக் கண்டார். அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு, தொலைபேசி ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் இந்த ஆய்வைத் தொடர்ந்தார். 1936 இல் தயமினைச் செயற்கையாக உருவாக்குவதில் வெற்றி பெற்றார். அதன் காப்புரிமை வருவாயின் பெரும்பகுதி ஊட்டச்சத்துக் குறைபாட்டை ஒழிப்பதற்கான நிதியாக ஒதுக்கப்பட்டது.

இந்நிதியின் உதவியோடு பிலிப்பீன்சின் பத்தான் மாகாணத்தில் 1940 களின் இறுதியில் பெரும் சோதனை ஒன்று நடத்தப்பட்டது. பிலிப்பீன்சு தரப்பில் இதற்குத் தலைமை தாங்கியவர் மருத்துவர் உவான் சால்சேடோ. தயமின், நயாசின், இரும்புச்சத்து ஆகியவற்றை ஏற்றி, நீரில் கரையாத பூச்சு இடப்பட்ட மணிகள், 200 பங்கு வெள்ளை அரிசிக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலக்கப்பட்டன. மாகாணத்தின் ஒரு பகுதியில் இவ்வரிசியும் மற்றொரு பகுதியில் வழக்கமான அரிசியும் விற்கப்பட்டன. செறிவூட்டிய அரிசி விற்ற பகுதியில் இரண்டே ஆண்டுகளுக்குள் பெரிபெரி நோயும் அதனால் நேர்ந்த இறப்புகளும் மிகவும் குறைந்தன. மற்றப் பகுதியில் அத்தகைய மாற்றம் இல்லை.

1952 இல் பிலிப்பீன்சு அரசு அரிசிச் செறிவூட்டலைச் சட்டமாக்கியது. ஆனால் சட்டம் பெருமளவு ஏட்டளவிலேயே நின்றது. வேதியியலோ மருத்துவமோ இதற்குக் காரணமன்று. ஆலைகள் அரைக்கும் அரிசியின் அளவுக்கேற்ப வரி விதிக்கப்பட்டு வந்தது. கலவை மணிகளை எவ்வளவு வாங்கினர் என்ற கணக்கைப் பார்த்தால் எவ்வளவு அரிசி அரைத்தனர் என்பது வெளிப்பட்டுவிடும். ஆலை உரிமையாளர்கள் இதை விரும்பவில்லை. நாடெங்கும் சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான சிற்றாலைகளைக் கண்காணிக்க அரசாலும் இயலவில்லை. 2000 ஆம் ஆண்டில் அந்நாடு புதிய செறிவூட்டல் சட்டத்தை இயற்றி, அரிசியில் இரும்புச்சத்து சேர்ப்பதை மீண்டும் கட்டாயமாக்க வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, ஆலைகள் குறைவாகவும் பெரிதாகவும் உள்ள கோஸ்ட்டா ரிக்காவில், 2001 இல் வந்த ஆணை நன்கு நடைமுறைக்கு வந்தது.

செய்முறைகள்

தூவல் முறையில் சத்துப்பொடி அரிசியின் மேல் தூவப்படுகிறது. இது மலிவானது. ஆனால் அரிசியைக் கழுவினால் பொடி போய்விடும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வகை அரிசிப் பைகளில் கழுவ வேண்டாம் என்று அச்சிடப்படுவது இதனாலேயே. மூன்று நான்கு முறை களைந்து உலை வைக்கும் நாடுகளுக்கு இம்முறை பொருந்தாது.

பூச்சு முறையில் மணிகளின் மேல் சத்துக் கரைசலும் அதைக் காக்கும் மெழுகு அல்லது பசைப் படலமும் இடப்படுகின்றன. பத்தானில் பயன்பட்டது இம்முறையின் முன்னோடி வடிவம்.

இன்று பெரிதும் பரிந்துரைக்கப்படுவது பிதுக்கல் முறை ஆகும். குருணையை மாவாக்கி, சத்துக் கலவையும் நீரும் சேர்த்துப் பிசைந்து, இடியாப்ப உரலில் பிழிவதைப் போலப் பொறியில் அழுத்தி, அரிசி வடிவத் துளைகளின் வழியே பிதுக்கி, வெட்டி உலர்த்துகின்றனர். பெரும்பாலும் 70 முதல் 110 பாகை செல்சியசு வரையான வெப்பத்தில் இது நிகழ்கிறது. சத்து மணியின் உள்ளேயே அடைபட்டிருப்பதால் கழுவும்போது ஏற்படும் இழப்பு குறைவு. இவ்வாறு செய்த மணிகள் சாதாரண அரிசியோடு பொதுவாக 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலக்கப்படுகின்றன.

எந்த இரும்புச் சேர்மத்தைச் சேர்ப்பது என்பது எளிய கேள்வியன்று. உடலில் எளிதில் உறிஞ்சப்படும் இரும்பு உப்புகள் அரிசியைக் கறுக்கச் செய்கின்றன அல்லது சுவையைக் கெடுக்கின்றன. நிறமும் சுவையும் மாற்றாத பெரிக்கு பைரோபாசுபேட்டு அத்தனை எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. சோற்றின் வெண்மையைக் காக்க வேண்டும் என்ற கட்டாயத்தால் பெரும்பாலான திட்டங்கள் இரண்டாவதையே பயன்படுத்துகின்றன.

இந்தியாவில்

இந்தியாவின் பெரும் சிக்கல் இன்று பெரிபெரி அன்று, இரத்தசோகை ஆகும். 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 விழுக்காட்டினரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் (6 மாதம் முதல்) 67.1 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தரநிலைப்படி, செறிவூட்டிய அரிசி ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பும், 75 முதல் 125 மைக்ரோகிராம் போலிக் அமிலமும், 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் உயிர்ச்சத்து பி12 உம் இருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 200 கிராம் அரிசி உண்பவர் இதன் மூலம் 5.6 முதல் 8.5 மில்லிகிராம் வரை இரும்பு பெறுவார். இவற்றுள் பி12 நெல்லில் எக்காலத்திலும் இருந்ததில்லை. தாவரங்கள் அதை உருவாக்குவதில்லை. தவிட்டோடு போனதாக இத்துறை தோன்றக் காரணமாயிருந்த தயமினோ, விரும்பினால் சேர்க்கலாம் என்ற பட்டியலில்தான் உள்ளது.

15 மாவட்டங்களில் முன்னோடித் திட்டம் ஒன்று 2019-20 முதல் மூன்றாண்டுகளுக்கு ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதற்குத் தெரிவு செய்யப்பட்டது திருச்சிராப்பள்ளி மாவட்டம். 2021 ஆகஸ்ட் 15 அன்று, 2024 ஆம் ஆண்டுக்குள் அரசுத் திட்டங்கள் அனைத்திலும் செறிவூட்டிய அரிசியே வழங்கப்படும் எனப் பிரதமர் அறிவித்தார். முதலில் குழந்தைகள் மையங்களுக்கும் பள்ளி மதிய உணவுக்கும், பின்னர் நியாயவிலைக் கடைகளுக்கும் எனப் படிப்படியாக இது விரிவாக்கப்பட்டது. 2024 அக்டோபரில் நடுவண் அமைச்சரவை, 17,082 கோடி ரூபாய்ச் செலவில் 2028 திசம்பர் வரை திட்டத்தைத் தொடர ஒப்புதல் அளித்தது.

மக்கள் இதை எதிர்கொண்ட விதம் திட்டமிட்டவர்கள் எதிர்பாராதது. பிதுக்கிய மணிகள் சற்று மஞ்சளாகவோ மாறுபட்ட பளபளப்புடனோ இருக்கும். சில நீரில் மிதக்கும். நியாயவிலைக் கடை அரிசியில் 'பிளாஸ்டிக் அரிசி' கலந்துள்ளதாகத் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் அச்சம் பரவியது. அரிசி பொறுக்கும்போது வேறுபட்டுத் தெரியும் மணிகளைக் கல் போல நீக்கி எறிந்துவிட்டால், நூற்றில் ஒன்றாகக் கலந்த சத்து முழுவதும் வீணாகிறது. அரிசி எதனால் அப்படி இருக்கிறது என்பதை உண்பவருக்கு முன்கூட்டியே விளக்காததே இதற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

கருத்து வேறுபாடுகள்

அயோடின் உப்பைப் போல அரிசிச் செறிவூட்டலின் பயன் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிடவில்லை. 2019 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, இரும்பு சேர்த்த அரிசியால் இரத்தசோகை ஏற்படும் வாய்ப்பில் வேறுபாடு சிறிதே இருக்கலாம் அல்லது இல்லாமலே போகலாம் என்று கண்டது. இரத்தசோகை இரும்புக் குறைவால் மட்டும் வருவதன்று. நோய்த்தொற்று, கொக்கிப்புழு, பிற உயிர்ச்சத்துக் குறைவு, மரபுவழிக் குறைபாடுகள் ஆகியனவும் அதற்குக் காரணமாகின்றன. அளவீடு பற்றியும் கேள்வி உண்டு. விரல் நுனியில் குத்தி எடுத்த குருதியை அளந்த குடும்பநலக் கணக்கெடுப்பைவிட, சிரையிலிருந்து எடுத்த குருதியை அளந்த 2016-18 ஆம் ஆண்டுகளின் தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, சிறு குழந்தைகளிடையே குறைந்த விழுக்காட்டையே காட்டியது.

கூர்மையான விவாதம் தலசீமியா, அரிவாள் உயிரணு நோய் ஆகியன உள்ளோர் பற்றியது. மிகையான இரும்பை வெளியேற்ற மனித உடலில் தனி வழி இல்லை. அடிக்கடி குருதி ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளுக்கு ஏற்கெனவே இரும்பு மிகுந்து கல்லீரலும் இதயமும் பழுதடையும் இடர் உண்டு. இந்தியப் பழங்குடி மக்களிடையே அரிவாள் உயிரணு நோய் கூடுதலாகக் காணப்படுகிறது; நியாயவிலைக் கடை அரிசியையே பெரிதும் நம்பி வாழ்வோரும் அவர்களே. இத்தகையோர் மருத்துவ ஆலோசனையுடன் மட்டுமே உண்ணலாம் அல்லது தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையைப் பைகளில் அச்சிட 2018 ஆம் ஆண்டின் விதிகள் கோரின. ஆனால் கடையில் சாக்கிலிருந்து அளந்து போடப்படும் அரிசியை வாங்குபவர், சாக்கில் உள்ள எழுத்தைப் பார்ப்பது அரிது. வேறு அரிசி கேட்கவும் வழியில்லை. 2022 இல் சார்க்கண்டுக்குச் சென்ற உண்மையறியும் குழு இதைச் சுட்டிக்காட்டியது. 2023 இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. இவ்வரிசியால் அந்நோயாளிகளுக்குத் தீங்கு நேர்வதற்குச் சான்று இல்லை என வல்லுநர் குழு கருதியதை அடுத்து, 2024 சூலையில் எச்சரிக்கை வாசகக் கட்டாயம் நீக்கப்பட்டது. உணவிலிருந்து கிடைக்கும் இரும்பு, குருதி ஏற்றுவதால் சேரும் இரும்போடு ஒப்பிடுகையில் மிகக் குறைவு என்பது அக்குழுவின் வாதம். உண்பவருக்குத் தெரிவிப்பதும் தெரிவு செய்ய விடுவதும் தனி உரிமைகள் என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

பலவகை உணவுக்கு இது ஈடாகாது என்ற குறையும் கூறப்படுகிறது. பருப்பு, கீரை, முட்டை, மீன் ஆகியவை தட்டில் இருந்தால் அரிசியில் எதையும் சேர்க்க வேண்டியதில்லை என்பர் ஒரு சாரார். அவை தட்டுக்கு வரும்வரை காத்திருக்க இயலாது என்பர் மறுசாரார்.

தொடர்புடைய முறை

அரிசியில் சத்தைப் பின்னர் சேர்க்காமல், நெற்பயிரே அதை உருவாக்குமாறு செய்வது உயிர்வழிச் செறிவூட்டல் எனப்படும். இங்கோ போட்ரிகுசு, பீட்டர் பேயர் ஆகியோர் மரபணு மாற்றத்தின் மூலம் பீட்டா கரோட்டின் கொண்ட பொன்னிற அரிசியை உருவாக்கி 2000 ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2021 சூலையில் பிலிப்பீன்சு இதை வணிக அளவில் பயிரிட இசைவு அளித்தது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த இசைவை இரத்து செய்தது.